து... து... என்றார் பாட்டி

“மாமா, இந்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகத் தனியா ஒரு விசா வாங்கணுமா?”

கேட்டவள் வாலு. என் அக்கா மகள், ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. வீட்டில் யாருக்கும் அது சட்டென்று ஞாபகம் வராது. நாங்கள் நின்றுகொண்டிருந்தது வியட்நாமின் ஹோ சி மின் நகரில். 1976-இல் அந்த ஊருக்கு இந்தப் பெயர் வந்தது. ஆனால் மெட்ராஸை விட மனம் வராத நம்மூர்ப் பெரியவர்கள் மாதிரி, அங்கேயும் பேச்சில் இன்னும் சைகோன்தான்.

எதிரே பென் தான் சந்தை. 1914-இல் திறந்தது. அதன் வாசல் மணிக்கூண்டில் மணி எட்டரை என்று நன்றாகவே தெரிகிறது. கூப்பிடு தூரம். ஆனால் நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது, மோட்டார் சைக்கிள் ஆறு. அந்த நகரத்தில் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 70 லட்சத்துக்கும் மேல். அத்தனையும் அன்று காலை எங்கள் முன்னால்தான் போகின்றன என்று சத்தியம் செய்திருப்பேன்.

ஒருவர் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒரு ஃப்ரிட்ஜைக் கட்டிக்கொண்டு போனார். இன்னொருவர் வண்டியைச் சுற்றிலும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொரு பையிலும் ஒரு தங்கமீன் நீந்துகிறது. வெயிலுக்காகத் தலையிலிருந்து முழங்கால் வரை போர்த்திக்கொண்டு, கண் மட்டும் தெரியப் போகிற பெண்களை அந்த ஊர்க்காரர்களே ‘நிஞ்ஜா’ என்று கேலி செய்வார்களாம். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். ஹாரன் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். “சென்னை ரங்கநாதன் தெருவுல தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ரெண்டு கையிலயும் பையோட நீந்திக் கரை ஏறினவன் நானு. எனக்கா ரோடு தாண்டத் தெரியாது?” என்று சொல்லிவிட்டு, பழக்கப்படி வலப்பக்கம் பார்த்தேன். பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை. காலை எடுத்துக் கீழே வைத்தேன்.

என் சட்டையை யாரோ பின்னாலிருந்து வெடுக்கென்று இழுத்தார்கள். இடப்பக்கத்திலிருந்து வந்த நாலு வண்டிகள் என் மூக்கை உரசாத குறையாகப் போயின.

வியட்நாமில் வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடும். ஆகவே நடைபாதையிலிருந்து இறங்குகிறவருக்கு முதல் ஆபத்து இடப்பக்கத்திலிருந்து வரும். இது எனக்குத் தெரியும். ஆனால் கழுத்துக்குத் தெரியாது! நாற்பத்தைந்து வருடமாக ‘முதலில் வலப்பக்கம்’ என்று பழகிய கழுத்து அது. நாம் அடிக்கடி செய்கிற வேலைகளை மூளை யோசிக்காமலே செய்யப் பழகிவிடுகிறது. அதனால்தான் செருப்பு மாட்டிக்கொண்டே பேச முடிகிறது, சைக்கிள் ஓட்டிக்கொண்டே பாட்டுப் பாட முடிகிறது. ஊர் மாறினால் அதே வசதி வம்பாகிறது. லண்டனில் வண்டிகள் நம்மைப்போல இடப்புறம் ஓடும். வெளிநாட்டுக்காரர்கள் அங்கே தப்பான பக்கம் பார்த்துவிட்டு இறங்குவதால், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தார்ச்சாலையிலேயே பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். சுவீடன் 1967 செப்டம்பர் 3 அன்று விடிகாலை 5 மணிக்கு நாடு முழுவதும் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு மாறியது. அந்த வாரம் அங்கே எத்தனை கழுத்துகள் குழம்பியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு ஓர் ஆறுதல்.

சட்டையை இழுத்தவர் ஒரு பாட்டி. பனையோலைக் கூம்புத் தொப்பி. தோளில் காவடி மாதிரி ஒரு மூங்கில் பட்டை. அதன் இரு முனைகளிலும் தொங்கும் கூடைகள். ஒன்றில் கொய்யா, இன்னொன்றில் மாங்காய். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாலையைக் காட்டி, “து... து...” என்றார்.

வாலுவுக்குக் கோபம் வந்துவிட்டது. “மாமா, அந்தப் பாட்டி உங்களைத் துப்புறாங்க!”

துப்பவில்லை. விடுதியில் இருந்த பையனிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டோம். வியட்நாம் மொழியில் ‘து து’ என்றால் ‘மெதுவாக, மெதுவாக’ என்று பொருள். ‘அது’, ‘இது’ என்று சொல்லும்போது கடைசியில் உதட்டைக் குவிக்காமல் ஒரு குட்டி உகரம் சொல்கிறோமே, தமிழ் வகுப்பில் குற்றியலுகரம் என்று படிப்பீர்கள், கிட்டத்தட்ட அதே ஒலி. வெளிநாட்டுக்காரர்கள் பலர் அதைச் சொல்லத் திணறுவார்கள். வாலு முதல் தடவையே சரியாகச் சொன்னாள்.

பாட்டி இறங்கினார். பின்னால் நான், என் கையைப் பிடித்துக்கொண்டு வாலு.

அந்தப் பாட்டியின் நடையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மூங்கில் பட்டை ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் வளைந்து எழும்புகிறது. கூடைகள் அதனோடு ஆடுகின்றன. வளையும் மூங்கில் ஒரு சுருள்வில் மாதிரி. கட்டைக் கம்பாக இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் தோளில் ‘டங்’ என்று விழும் இடியை இது வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆட்டத்துக்கு ஏற்ற தாளத்தில் சின்னச் சின்ன அடியாக, சீராக நடக்க வேண்டும். சட்டென்று நின்றால் கூடை முன்னால் பாயும். ஓடினால் கொய்யா கொட்டும். ஆக, பாட்டியால் நிற்கவும் முடியாது, ஓடவும் முடியாது. அந்தச் சாலையைக் கடக்க அதைவிட நல்ல தகுதி கிடையாது என்பது எனக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது.

எங்களை நோக்கி வண்டிகள் வந்தன. ஒரு தண்டவாளம் பிரிகிற மாதிரி எங்களுக்கு முன்னும் பின்னும் பிரிந்தன. எங்களைத் தாண்டியதும் மறுபடி ஒன்று சேர்ந்தன. யாரும் பிரேக் போட்டுக் கிறீச்சிடவில்லை. யாரும் திட்டவில்லை. ஒரு ஃப்ரிட்ஜ் எங்களுக்குப் பின்னால் அமைதியாகப் போனது. அந்தப் பக்கம் ஏறினோம். பாட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல் சந்தைக்குள் போய்விட்டார். நன்றி சொல்லக்கூட விடவில்லை.

“நான் பாதி ரோட்ல கண்ணை மூடிட்டேன் மாமா,” என்றாள் வாலு.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். நானும் அரைக்கண்தான் திறந்திருந்தேன் என்பது ஞாபகம் வந்தது.

---

அங்கேயே ஒரு காபிக் கடையின் மாடியில் உட்கார்ந்தோம். வியட்நாம் காபி வர நேரமாகும். தம்ளரின் தலையில் ஒரு சின்னத் தகர வடிகட்டியை உட்காரவைத்து, சொட்டுச் சொட்டாக இறங்கவிடுவார்கள். அடியில் கெட்டிப் பால் காத்திருக்கும். (நம் வீட்டு ஃபில்டர் காபியின் ஒன்றுவிட்ட தங்கை. காபி விளைச்சலில் பிரேசிலுக்கு அடுத்த நாடு வியட்நாம்தான்.) அது இறங்கி முடிப்பதற்குள் வாலு கேள்வியை ஆரம்பித்துவிட்டாள்.

“கண்ணை மூடிட்டு நடந்தேன். அப்புறம் எப்படி யாரும் இடிக்கல?”

“நீ அவங்களைப் பாக்கல. அவங்க உன்னைப் பாத்தாங்க.”

“அவ்வளவுதானா?”

அவ்வளவுதான் இல்லை. பேனாவை எடுத்து மேசையில் இருந்த காகிதத்தில் கணக்குப் போட்டோம். நீங்களும் கூடவே போடுங்கள்.

அந்த வண்டிகள் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தன என்று வைப்போம். அதாவது விநாடிக்கு சுமார் 7 மீட்டர். நாங்கள் பாட்டி வேகத்தில், விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தோம். சாலை 15 மீட்டர் அகலம் என்றால், கடக்க 19 விநாடி ஆகும். அந்த நேரத்தில் ஒரு வண்டி 130 மீட்டர் ஓடிவிடும். இங்கேதான் முதல் ஆச்சரியம். நாங்கள் கரையில் நின்று எந்த வண்டிகளைப் பார்த்து நடுங்கினோமோ, அவற்றில் பெரும்பாலானவை நாங்கள் நடுச்சாலைக்குப் போகுமுன்பே கடந்து போய்விட்டன. நாங்கள் அந்தக் கோடியில் சந்தித்த வண்டி, நாங்கள் இறங்கியபோது 130 மீட்டருக்கு அப்பால் எங்கோ இருந்தது. மொத்த ஆற்றையும் பார்த்துப் பயந்தோம். நடந்தபோது எங்களுக்குக் குறுக்கே வந்தது ஒரு நேரத்தில் மூன்று நான்கு வண்டிகள் மட்டும்.

இப்போது 21 மீட்டர் தூரத்தில் வருகிற ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். உங்களிடம் வந்து சேர அதற்கு 3 விநாடி இருக்கிறது. ஓட்டுகிறவர் உங்களைப் பார்த்து, ‘என்ன செய்யலாம்’ என்று முடிவெடுக்க ஏறக்குறைய 1 விநாடி போய்விடும். அதற்குள் வண்டி 7 மீட்டர் வந்திருக்கும். மிச்சம் 14 மீட்டர். அந்த 14 மீட்டருக்குள் அவர் 1 மீட்டர் பக்கவாட்டில் ஒதுங்கினால் போதும். எவ்வளவு திரும்ப வேண்டும்? சுமார் 4 பாகை. சுவர்க் கடிகாரத்தில் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகர்வதே 6 பாகை! அதனால்தான் பிரேக் சத்தமே கேட்கவில்லை. ஹேண்டிலை அவர் திருப்பியதுகூட வெளியே தெரிந்திருக்காது.

“அப்போ நான் நின்னுட்டா இன்னும் ஈஸியாத்தானே இருக்கும் அவருக்கு?”

அங்கேதான் கோளாறு. அவர் உங்களைப் பார்த்த அந்த 1 விநாடியில், நீங்கள் இருக்கும் இடத்தைக் குறி வைத்து ஒதுங்குவதில்லை. 3 விநாடி கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்களோ, அதைக் கணக்கிட்டு ஒதுங்குகிறார். 3 விநாடியில் நீங்கள் 2.4 மீட்டர் முன்னால் போயிருப்பீர்கள். ஆகவே உங்கள் முதுகுக்குப் பின்னால் இடம் காலியாக இருக்கும் என்று அங்கே வண்டியை விடுகிறார். அதாவது, நீங்கள் இப்போது நிற்கிற இடத்துக்கே விடுகிறார்! நீங்கள் பயந்து நின்றுவிட்டால் சரியாக அவருடைய வழியில் நிற்கிறீர்கள். பயந்து ஓடினாலோ, உங்களுக்கு முன்னால் போகலாம் என்று எண்ணிய இன்னொருவர் மேல் போய் விழுகிறீர்கள். ஒரே வேகத்தில் நடக்கிறவர் ஒரு கணக்குக் கொடுக்கிறார்; மற்றவர்கள் அதைப் போட்டு விடை எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டி சொன்ன ‘து து’வுக்குள் இத்தனையும் இருந்தது.

கிரிக்கெட்டில் உயரத்தில் வரும் பந்தைப் பிடிக்க ஓடுகிறவர், பந்து இருக்கும் இடத்துக்கா ஓடுகிறார்? விழப்போகும் இடத்துக்குத்தானே? அதே கணக்கு.

சரி, வருகிற வண்டி நம் மேல் மோதுமா மோதாதா என்று நமக்கு எப்படித் தெரியும்? இதற்குக் கப்பல்காரர்கள் வைத்திருக்கும் ஒரு பழைய சூத்திரம் உண்டு. கடலில் தூரத்தில் இன்னொரு கப்பல் தெரிகிறது. அது உங்கள் பார்வையில் இடமோ வலமோ நகர்ந்துகொண்டே போனால் கவலையில்லை. அதே திசையில் அப்படியே நின்றபடி, ஆனால் வரவரப் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் நிச்சயம். கப்பல்கள் மோதாமல் இருக்க 1972-இல் வகுத்த சர்வதேச விதிகளிலும் இந்தச் சூத்திரம் இருக்கிறது.

இதைப் பள்ளி மைதானத்தில் செய்து பார்க்கலாம். தூரத்தில் ஒரு வேப்பமரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் மைதானத்தின் ஒரு மூலையிலிருந்தும் உங்கள் நண்பர் இன்னொரு மூலையிலிருந்தும், மரத்தைப் பார்த்து ஒரே சீராக நடங்கள். நடக்கும்போது கையை நீட்டி நண்பரைச் சுட்டிக் காட்டிக்கொண்டே போங்கள். கை மெல்ல முன்பக்கமாகத் திரும்பினால் அவர் உங்களுக்கு முன்னால் போய்விடுவார். பின்பக்கமாகத் திரும்பினால் உங்களுக்குப் பின்னால் போவார். கையைத் திருப்பவே வேண்டியிருக்கவில்லையா? மரத்தடியில் இருவரும் மண்டையை முட்டிக்கொள்ளப் போகிறீர்கள். தட்டான்பூச்சி கொசுவைப் பிடிப்பது இந்த வித்தையைத் தலைகீழாக்கித்தான். கொசு தன் பார்வையில் ஒரே திசையில் அசையாமல் இருக்கும்படி தட்டான் தன் வழியை மாற்றிக்கொண்டே பறக்கும். மோதல் நிச்சயம் என்றால் சாப்பாடும் நிச்சயம்!

வாலு மேசையில் சர்க்கரைப் பொட்டலத்தையும் ஸ்பூனையும் நகர்த்திச் செய்து பார்த்தாள். ஸ்பூன் மோதிக் காபி சிந்தியது. சூத்திரம் சரிதான்.

ஹாரன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் ஹாரனைக் கேட்டால் ‘யாரோ திட்டுகிறார்கள்’ என்றுதான் தோன்றும். அங்கே அது பெரும்பாலும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்கிற தகவல். கண்ணை மூடியிருந்தாலும் வண்டி எந்தப் பக்கம் என்று வாலுவுக்குத் தெரிந்ததற்கு அவளுடைய காதுகள் காரணம். இரண்டு காதுகளுக்கும் நடுவே சுமார் 20 சென்டிமீட்டர். ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும். இடப்பக்கத்து ஹாரன் இடக்காதைத் தொட்டு, வலக்காதுக்குப் போய்ச் சேர 0.0006 விநாடி தாமதமாகும். அந்தத் துக்கடா வித்தியாசத்தை மூளை பிடித்துவிடுகிறது.

---

மேலேயிருந்து பார்க்கும்போது அந்தச் சாலை வேறு மாதிரி இருந்தது. கீழே நின்றபோது கண்ட தாறுமாறு காணோம். நாற்சந்தியில் நாலு பக்கத்திலிருந்தும் வண்டிகள் வந்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் பிரிந்து போய்க்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே இருந்த வாலு, “பறவைக் கூட்டம் மாதிரி இருக்கு,” என்றாள்.

சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். குளிர்காலத்தில் நம்மூருக்கு வரும் சோளப்பட்சிகள், சாயங்காலம் அடையும் நேரத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, வானத்தில் புகை மாதிரி சுருண்டு விரிவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அவற்றின் உறவுக்காரப் பறவைகள் ரோம் நகரத்தில் ரயில் நிலையத்தை ஒட்டிய மரங்களில் அடையும். இத்தாலிய இயற்பியலாளர்கள் பக்கத்தில் இருந்த அருங்காட்சியகத்தின் மொட்டைமாடியில் கேமராக்களை வைத்து, கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு பறவையும் எங்கே இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். 2008-இல் முடிவு வெளிவந்தது. ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றியுள்ள 6 அல்லது 7 பறவைகளை மட்டுமே கவனிக்கிறது! தலைவன் இல்லை, தளபதி இல்லை, விசில் ஊத யாரும் இல்லை. பக்கத்தில் உள்ளதைப் பார்த்து இது திரும்பும். இதைப் பார்த்து அடுத்தது திரும்பும். அந்தக் குழுவில் இருந்த ஜார்ஜோ பாரிசிக்கு 2021-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பறவைக்காக மட்டும் கொடுக்கவில்லை. ஒழுங்கற்றவை போலத் தெரிகிற பலவற்றுக்குள் என்ன ஒழுங்கு இருக்கிறது என்று தேடியதற்காக.

ரங்கநாதன் தெருவிலும் இதுதான் நடக்கிறது. யாரும் கோடு போட்டுக் கொடுப்பதில்லை. ஆனால் கடை பார்க்கப் போகிறவர்கள் ஒரு சாரை, வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு சாரை என்று தானாகவே பிரிந்துவிடும். முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் இடி குறைவு என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைக் கேட்டு, சைகோன் சாலை சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அதே நாற்சந்தி அடைத்துக்கொண்டது. வண்டிகள் நடைபாதை மேலே ஏறி, இட்லிப் பானை மாதிரி ஆவி பறக்கும் நூடுல்ஸ் கடைகளுக்கு இடையே புகுந்து போயின. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நடைபாதை நடக்கிறவர்களுக்குத்தானே?

நெரிசல் ஏன் வருகிறது? ஜப்பானில் யூக்கி சுகியாமா என்ற இயற்பியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதை. அதில் 22 கார்கள். எல்லோரும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், சமமான இடைவெளியில் ஓட்டுங்கள் என்றார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, மாடு இல்லை. கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போனது. பிறகு யாரோ ஒருவர் ஒரு துளி வேகம் குறைத்தார். பின்னால் வந்தவர் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குறைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் அதிகமாக. சில கார்கள் முழுசாக நின்றே போயின! அந்த நெரிசல் ஓர் அலை மாதிரி, கார்கள் போகும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகர்ந்தது, மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில். கார்கள் முன்னால் போக, நெரிசல் பின்னால் போகிறது. 2008-இல் வெளியான அந்தச் சோதனையின் வீடியோவை வாத்தியாரிடம் கேட்டுப் பாருங்கள்; எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சலுகை இருக்கிறது. முன்னால் உள்ளவர் வேகம் குறைத்தால், இது பிரேக் பிடிக்காமல் பக்கத்துச் சந்தில் நழுவிவிடும். ஒரு கார் நிற்கிற இடத்தில் நாலைந்து ஸ்கூட்டர் நிற்கும். ஆனால் சந்தே இல்லாத அளவுக்கு வண்டி சேர்ந்துவிட்டால் சலுகையும் தீர்ந்தது. இந்த விஷயத்தில் எறும்பு நம்மை ஜெயித்துவிட்டது. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு சின்னப் பாலத்தின் ஐந்தில் நாலு பங்கு எறும்பால் நிறைந்த பிறகும் நெரிசல் வரவில்லை. கூட்டம் கூடினால் சில எறும்புகள் ஏறாமல் காத்திருக்கும். யாருக்கும் ‘நான்தான் முதலில்’ இல்லை.

---

மறுநாள் சுற்றிப் பார்க்கப் போனோம். பிரெஞ்சுக்காரர்கள் 1891-இல் கட்டி முடித்த தபால் நிலையம், ரயில் நிலையம் மாதிரி வளைந்த இரும்புக் கூரையோடு அழகாக இருக்கிறது. பாரிஸ் கோபுரத்தைக் கட்டிய ஈஃபல்தான் இதையும் கட்டினார் என்று அங்கே நாலு பேர் சொன்னார்கள். அது கதை, வரைபடம் போட்டவர் ஃபூலூ என்ற கட்டடக் கலைஞர். எதிரே உள்ள சிவப்புத் தேவாலயத்தின் செங்கல் பிரான்சின் மார்செய் நகரத்திலிருந்து கப்பலில் வந்ததாம். மராமத்துக்காகச் சாரம் கட்டியிருந்தார்கள். எனவே நாங்கள் பார்த்தது பெரும்பாலும் சாரத்தைத்தான்.

அங்கே போக வாடகை மோட்டார் சைக்கிள் பிடித்தோம். அதற்கு ‘ஸே ஓம்’ என்று பெயர். ஆளுக்கொரு வண்டி. “ஓம்னா சாமி வண்டியா?” என்று கேட்டாள் வாலு. இல்லை, ‘கட்டிப்பிடி வண்டி’ என்று அர்த்தம். பின்னால் உட்காருகிறவர் ஓட்டுகிறவரைப் பிடித்துக்கொள்வதால் அந்தப் பெயர். அர்த்தம் எதுவானாலும், நான் எனக்குத் தெரிந்த ஓம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனேன் என்பது வேறு விஷயம். இருவருக்கும் ஹெல்மெட் கொடுத்தார்கள். 2007 டிசம்பர் 15 முதல் அங்கே எல்லாச் சாலைகளிலும் ஓட்டுகிறவர், பின்னால் இருப்பவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

வழியில் ஒரு பேருந்து வந்தது. அப்போதுதான் கவனித்தேன். அதுவரை யாருக்கும் வழிவிடாமல் போன என் ஓட்டுநர், பேருந்துக்குச் சட்டென்று ஒதுங்கினார். நடந்து போகிறவர்களும் பேருந்தைக் கண்டால் நின்றுவிட்டார்கள். பாட்டியின் சூத்திரம் அதனிடம் செல்லாது. ஸ்கூட்டரும் ஆளும் சேர்ந்து 170 கிலோ இருக்கலாம். பேருந்து 10,000 கிலோவுக்கும் மேல். அதனால் 4 பாகை திரும்பி ஒரு மீட்டர் சந்தில் நுழைய முடியாது. சட்டென்று நிறுத்தவும் முடியாது. வேகமும் அப்படித்தான். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. மணிக்கு 25 கிலோமீட்டரில் வருகிறவர் 50-இல் வந்தால், யோசிக்க இருந்த 3 விநாடி ஒன்றரையாகச் சுருங்கும். அடி நான்கு மடங்காகும். நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலையில் அந்த ஊர்க்காரர்களே இப்படிக் குறுக்கே இறங்குவதில்லை. நம்மூர் பைபாஸில் இதைச் செய்து பார்க்கலாமா என்று யாராவது நினைத்தால், கொய்யாக் கூடைப் பாட்டியே வந்து காதைத் திருகுவார்.

சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். ஆமாம், சைகோனில்தான்! பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரம். பாண்டிச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில், சைகோனும் அவர்களிடம் இருந்தது. வட்டிக்கடை வைக்கவும் வியாபாரம் செய்யவும் நகரத்தார்களும் மற்றத் தமிழர்களும் அங்கே கப்பல் ஏறினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கோயில் அது. இன்று அங்கே கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள்தான். கை நிறைய ஊதுபத்தியோடு நிற்கிறார்கள். அந்தக் கோயிலை ‘இந்தியப் பா’ கோயில் என்கிற பொருளில் அழைக்கிறார்கள். ‘பா’ என்றால் பாட்டி, அம்மா வயதுப் பெரியவர், அம்மன் எல்லாம்தான்.

“அப்போ நேத்து நம்மளைக் கூட்டிட்டுப் போனவங்களும் பா தானே?” என்றாள் வாலு.

---

கிளம்பும் நாள் காலையில் அதே காபிக் கடை மாடி. வாலு நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் ‘முன்னால்’, வலப்பக்கம் ‘முதுகுக்குப் பின்னால்’ என்று எழுதிக்கொண்டாள். சாலையைக் கடக்கிற ஒவ்வொருவரையும் கவனித்து, வண்டிகள் எந்தப் பக்கமாக ஒதுங்கிப் போகின்றன என்று கோடு கிழித்தாள். பின்னால் என்ற பக்கம் கம்பி கம்பியாக நிறைந்தது. முன்னால் என்ற பக்கம் கொஞ்சம்தான். நடுச்சாலையில் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் குதித்த இரண்டு சுற்றுலாப் பயணிகளை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

“மாமா, அங்க பாருங்க!”

பழுப்பு நிறத் தெருநாய் ஒன்று நடைபாதையிலிருந்து இறங்கியது. தலையைக் குனிந்தபடி, வாலை ஆட்டாமல், எதையோ யோசித்துக்கொண்டு போகிற வாத்தியார் மாதிரி ஒரே சீராக நடந்தது. வண்டிகள் வந்தன, பிரிந்தன, போயின. ஒரு ஸ்கூட்டர் அதன் வால் நுனிக்குப் பின்னால் ஒரு சாண் விட்டுக் கடந்தது. நாய் காதைக்கூட அசைக்கவில்லை. அந்தப் பக்கம் ஏறி, கறிக்கடை வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது.

வாலு கொஞ்சம் யோசித்தாள். பிறகு வலப்பக்கத்தில் இன்னும் ஆறு கோடு கிழித்தாள்.